யப்பான் பாஷையில் ஒரு ‘போட்டு வாறன்’

எனக்கு யப்பான் பாஷையில் இருபத்திரண்டு சொற்றொடர்கள் தெரியும். அவற்றில் இருபத்தொன்றால் இதுவரை எவருக்கும் ஒரு கெடுதியும் வந்ததில்லை. மீதி ஒன்றால்தான் ஒரு வீட்டில் சோறு ஆறியது. கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பெரிய மனிதர் மத்தியான வெயிலில் காய்ந்தார். நான் காலிக்குச் சுருட்டு விற்கப் போகவிருந்தேன். குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் பிள்ளைகள் கையும் காலும் வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லதல்லவா?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பெரிய சண்டை தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருந்தன. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். ஐயா காலமாகிவிட்டார். எனக்கு வயது இருபத்திரண்டு. மெற்றிக்குலேசன் பாஸ். (இரண்டாம் தரம் எழுதித்தான். யாரும் கேட்காவிட்டால் நான் அதைச் சொல்வதில்லை.) மூன்று கந்தோர்களுக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தேன். மூன்றிலும் ‘அறிவிப்போம்’ என்று அனுப்பினார்கள். இன்னும் அறிவிக்கவில்லை.

அம்மாவின் தமையனார், என் மாமா, காலியில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும், சாம்பிராணி காட்ட வேண்டும், பகல் முழுவதும் சுருட்டுக் கட்டுகளுக்கு நடுவில் வேட்டியோடு சம்மணம் போட்டு இருக்க வேண்டும், இரவு அதே பலகையில் படுக்க வேண்டும். மாமா நல்லவர்தான். ஆனால் அவர் இருமத் தொடங்கினால் பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ‘உவனைச் சும்மா வைத்திருந்து பழுதாக்காதே, வாற மாதப் பிறப்போடு அனுப்பு’ என்று அவர் அம்மாவுக்கு எழுதிவிட்டார். அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்த றங்குப்பெட்டியை இழுத்து, துடைத்து, வெயிலில் காய வைத்தா. அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் கிணற்றடிக்குப் போக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அத்தான் செய்தி கொண்டு வந்தார். அத்தான் என்றால் அக்காவின் புருஷன். துறைமுகத்தில் கிளாக்கர், வீடு கொட்டாஞ்சேனையில். என்னைக் கேலி பண்ணாத நாள் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

“மச்சான், கோட்டையிலை ஒரு யப்பான் கொம்பனி இருக்கு. சீத்தைத் துணி, கோப்பை, குடை எல்லாம் இறக்கிறவங்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிக் கடைக்காரரோடை தமிழிலை கதைக்க ஆள் தேடுறாங்களாம். மனேச்சர் ஒகாவா எண்டு ஒரு மனுசன். உன்னைச் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், கொள்ளுப்பிட்டிக்கு. தயவுசெய்து வாயைத் திறந்து கெடுத்துப்போடாதை.”

இந்தக் கடைசி வசனத்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா?

அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போய், நடைபாதைப் பழைய புத்தகக்காரரிடம் ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். கப்பலில் யப்பானுக்குப் போகும் வெள்ளைக்காரருக்காக அச்சடித்தது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் யப்பான் பாஷை, அதுவும் ஆங்கில எழுத்திலேயே. எதை யாரிடம், எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியும் கிடையாது. அது ஒரு குறை என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. வணக்கம் என்றால் வணக்கம்தானே, இதில் என்ன இடம் பார்க்க இருக்கிறது?

ஐந்து நாள் வீடு அமளிப்பட்டது. காலையில் எழும்பியதும் அடுப்படி வாசலில் நின்று இடுப்பை மடித்துக் குனிந்து, “ஒஹாயோ கொசாய்மாஸ்!” என்பேன்.

“என்னடா, காலங்காத்தாலை ஆரைப் பேசுறாய்?” என்றா அம்மா.

“காலை வணக்கம் எண்டு அர்த்தம், அம்மா.”

“அதுக்கு ஏன் நிலத்தைப் பாக்கிறாய்? என்னைப் பாத்துச் சொல்லு.”

பகலில் “கொன்னிச்சிவா”. தேத்தண்ணி தந்தால் “அரிகாத்தோ கொசாய்மாஸ்”. முதன்முதல் சந்திப்பவருக்கு “ஹாஜிமேமாஷ்தே”. மன்னிப்புக் கேட்க “சுமிமாசென்”. இதை வெள்ளவத்தைச் சந்தையில் ஒருவருடைய காலை மிதித்துவிட்டுப் பழகிப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அது என் புத்தகத்தில் இல்லை. குனிந்து பழகும்போது அலுமாரிக் கைப்பிடியில் நெற்றி இடித்து ஒரு வீக்கமும் வந்தது. ஆனாலும் புதன்கிழமைக்குள் நான் பாதி யப்பான்காரன் என்று எனக்கே ஒரு எண்ணம்.

விடைபெறும் இடத்தில்தான் முட்டுப்பட்டேன். புத்தகத்தில் ‘சயோனாரா’ என்று போட்டு, எதிரே ‘பிரிவுச் சொல்’ என்று இருந்தது. எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டில் எவரும் ‘போறன்’ என்று சொல்லக் கூடாது; போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது ஒரு தரம் வாய் தவறி “அம்மா, போறன்” என்று விட்டேன். அம்மா தெருவாசல் படலை வரைக்கும் ஓடி வந்து திருப்பிக் கூட்டிப்போய், செம்பில் தண்ணீர் தந்து, இருத்தி, “போட்டு வாறன் எண்டு சொல்லு” என்று சொல்ல வைத்துத்தான் விட்டா. பள்ளிக்கூடத்தில் பிந்திப் போனதற்கு அடி வாங்கினேன். அம்மாவுக்கு அது பெரிய காரியமில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், ஐந்து நிமிஷம் இருந்தாலும், புறப்படும்போது ‘போட்டு வாறன்’தான். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம்.

இப்படி வளர்ந்தவன் வேலை கேட்டுப் போன முதல் நாளே ‘பிரிவு’ என்று சொல்லிவிட்டு வருவதா? விளங்குமா அந்த வேலை?

புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் கண்டேன்: ‘இத்தே மாயிரிமாஸ்.’ எதிரே ஆங்கிலத்தில், ‘நான் போய் வருகிறேன்.’ அதற்குக் கீழே, ‘இத்தே இராஷ்ஷாய் – போய் வாருங்கள்.’ எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அடுப்படிக்கு ஓடினேன்.

“அம்மா! அவங்களும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவாங்களாம்!”

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினா. “மெய்யே? அப்ப நல்ல சனம்தான். பயப்பிடாமல் போ.”

சனிக்கிழமை பத்தரைக்குக் கொள்ளுப்பிட்டியில் அந்த வீட்டு வாசலில் நின்றேன். வாசலில் நின்று குரல் கொடுக்க ஒரு வார்த்தை இருக்கிறதே: “கொமென் குதசாய்!” உரத்துச் சொன்னேன். சமையல்கார அப்பு எட்டிப் பார்த்தார். துணி மூட்டையோடு வீடு வீடாக வரும் வியாபாரி என்று நினைத்துவிட்டார் போல. “எப்பா, எப்பா!” என்று கையை ஆட்டினார். வேண்டாமாம். நான் இன்னொரு தரம் குனிந்து “கொமென் குதசாய்” என்றேன். அப்பு உள்ளே பார்த்துச் சிங்களத்தில் எதையோ சொன்னார். விசரன் ஒருவன் வந்திருக்கிறான் என்றுதான் சொல்லியிருப்பார்.

பின்னால் திருமதி ஒகாவா வந்தா. முப்பது வயது இருக்கும். மெலிந்த, அமைதியான முகம். வாசலில் ஒரு தமிழ்ப் பெடியன் தன் பாஷையில் கூப்பிட்டதைக் கேட்டு அந்த முகம் மலர்ந்ததே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. எத்தனை நாளாக யாரும் அப்படி அவவைக் கூப்பிடவில்லையோ!

ஒகாவா உயரம் குறைந்த, கண்ணாடி போட்ட மனிதர். நான் “ஹாஜிமேமாஷ்தே” என்று மடிந்தேன். அவரும் குனிந்தார். அவர் நிமிர்ந்துவிட்டாரா என்று பார்க்க நான் தலையைத் தூக்க, அவர் நிமிர்ந்திருந்தார்; நான் நிமிர, அவர் மரியாதைக்குத் திரும்பக் குனிந்தார்; நானும் குனிந்தேன். நாலு தரம் நடந்தது. திருமதி ஒகாவா தேத்தண்ணியோடு வந்து நின்றிராவிட்டால் இன்றைக்கும் குனிந்துகொண்டிருப்போம். பாலும் இல்லை, சீனியும் இல்லை, பச்சை நிறம். நான் “அரிகாத்தோ கொசாய்மாஸ்” என்று வாங்கி, பேதி மருந்து குடிப்பதுபோல ஒரே மடக்கில் முடித்தேன். அவ உடனே இன்னொரு கோப்பை வார்த்தா.

மீதிப் பேச்சு ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வகுப்பில் பெயிலானவை. ஆகவே நன்றாக ஒத்துப்போயிற்று. கடைக்காரரோடு பேசுவேனா, கணக்கெழுத்துத் தெரியுமா, குடிப்பேனா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், “சேர்ட்டிபிக்கற்?” என்றார்.

“வீட்டில் இருக்கிறது, சேர்.”

“வீடு எங்கே?”

“வெள்ளவத்தை, சேர்.”

“ஆ. கிட்டத்தான்” என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு பெரிய மனிதர் கடிகாரத்தைப் பார்த்தால் எங்கள் ஊர் வழக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எழும்படா. (நான் போய் எடுத்துவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர் பார்த்தாராம்.) சேர்ட்டிபிக்கற்றைத் திங்கட்கிழமை கந்தோரில் கொடுப்போம் என்று என் மனதுக்குள்ளேயே தீர்மானித்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. வாய் வேறு வேலைக்குத் தயாராக இருந்தது. எழும்பி, காலிரண்டையும் சேர்த்து, நெற்றி முழங்காலில் படக் குனிந்து, வீடு அதிரச் சொன்னேன்:

“இத்தே மாயிரிமாஸ்!”

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திருமதி ஒகாவா கையால் வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு, தன்னை அறியாமலே போல, மெல்லிய குரலில், “இத்தே இராஷ்ஷாய்” என்றா. பார்த்தீர்களா, புத்தகத்தில் இருந்த அதே மறுமொழி! வேலை கிடைத்துவிட்டது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன்.

வீட்டுக்குப் போனேனா? இல்லை. சந்தோஷப் புளுகம் தாங்காமல் நேரே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சனிக்கிழமையாதலால் அக்கா வீட்டில் மரக்கறிச் சாப்பாடு, கத்தரிக்காய்ப் பால்கறி. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அத்தான் வேலையால் வந்ததும் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டபடி முழுவதையும் நடித்துக் காட்டினேன்.

“சம்பளம் எவ்வளவு எண்டு சொன்னவர்?” என்றார் அத்தான்.

“அது கேக்கேல்லை.”

“எப்ப தொடங்கச் சொன்னவர்?”

“அதுவும் சொல்லேல்லை.”

“அப்ப என்னடா மச்சான் சொன்னவர்?”

“அவ ‘போட்டு வாங்கோ’ எண்டு சொன்னவ, அத்தான். அவங்கடை பாஷையிலை!”

அத்தான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒழுங்கையில் பார்த்தவர்களுக்கெல்லாம் எனக்கு யப்பான் கொம்பனியில் வேலை என்று சொல்லித் திரிந்தேன். மாமாவுக்கு, ‘தங்கள் அன்புக்கு நன்றி, தேவையில்லை’ என்று ஒரு தபாலட்டையும் போட்டேன். (அதைத் தபாற்பெட்டியிலிருந்து திரும்ப எடுக்க முடியுமா என்று பின்னால் விசாரித்தேன். முடியாதாம்.)

திங்கட்கிழமை காலை, கஞ்சி போட்ட சேட்டும் சேர்ட்டிபிக்கற்றுமாகக் கோட்டையில் கந்தோருக்குள் நுழைந்தேன். திரும்பி வருபவன் சொல்ல வேண்டியதும் புத்தகத்தில் இருந்தது. பியோன், தட்டெழுத்துப் பெண், இரண்டு கிளாக்கர் எல்லோரும் இருக்க, வாசலில் நின்று பெரிய குரலில், “ததாயிமா!” என்றேன். இதோ, வந்துவிட்டேன்!

தட்டெழுத்து நின்றது. உள்ளறைக் கதவு திறந்து ஒகாவா வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“நீ போய் வருகிறேன் என்றாய்” என்றார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக.

“யெஸ், சேர்.”

“எத்தனை மணிக்கு?”

நான் முழித்தேன். பிறகு அவரே விளக்கினார். அவர்கள் ஊரில் அந்த வார்த்தையைத் தன் சொந்த வீட்டிலிருந்து வெளியே இறங்குபவன் மட்டும்தான் சொல்வானாம். சொன்னால் அன்றைக்கே திரும்பி வருவானாம். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்து வரவேற்பார்களாம். சேர்ட்டிபிக்கற் எடுக்கத்தான் நான் ஓடுகிறேன், அவசரத்தில் வீட்டுப் பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டேன் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். மத்தியானமாகிவிடும், பெடியன் பசியோடு வருவான் என்று அவ மேசையில் மூன்றாவது தட்டு வைத்திருக்கிறா. சனிக்கிழமையில் தமிழர் மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டார்கள் என்று அப்பு சொல்ல, அவரைச் சைவக்கடைக்கு அனுப்பிச் சோறும் கறியும் எடுப்பித்திருக்கிறா. ஒரு மணி. இரண்டு மணி. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

“அன்றைக்கு எங்கள் டிரெக்டர் கப்பலில் வந்தார். கோபேயிலிருந்து. ஒரு மணிக்கு நான் இறங்குதுறையில் நிற்க வேண்டும். நீ வருவாய் என்று வீட்டில் நின்றேன். அவர் வெயிலில் நின்றார். ஒன்றரை மணி நேரம். பிறகு ரிக்‌ஷாவில் தானே வந்தார்.” ஒகாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பசியோடு வந்தார். உன் சோற்றை அவர் சாப்பிட்டார்.”

“ஐயோ, சேர்...”

“உறைப்பு” என்றார் ஒகாவா. “அழுதார்.”

யாரோ ஒரு கிளாக்கருக்கு இருமல் வந்தது. நான் “சுமிமாசென், சேர், சுமிமாசென்” என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. வருகிறேன் என்று சொல்லி வராதவனைக் கடைக்காரரிடம் அனுப்ப முடியாது என்று சொல்லி, அவர் கதவைக் காட்டினார். புறப்படும்போது பழக்க தோஷத்தில் அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். குனியவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதற்கு ஏசுவா என்று பார்த்தேன். அம்மா வேலையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

“அந்தப் பிள்ளை உனக்குத் தட்டு வைச்சதோ?”

“ஓம்.”

“தானும் சாப்பிடாமல் இருந்ததோ?”

“ஓமம்மா.”

“நீ கொட்டாஞ்சேனையிலை மூண்டு தரம் சோறு வாங்கித் திண்டனீ!” அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வெளிநாட்டிலையிருந்து வந்த பொம்பிளை. ஊர் தெரியாது, பாஷை தெரியாது. சோத்தை வைச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருந்திருக்குது. சீ! என்ன மனுசர் நாங்கள்?”

அன்று பின்னேரம் முழுவதும் அம்மா பயறு வறுத்து, பணியாரம் சுட்டா. யாழ்ப்பாணத்துப் பயத்தம் பணியாரம். மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு, நல்ல வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு, என்னை முன்னால் நடக்கவிட்டு, ரயில் கோச்சி ஏறிக் கொள்ளுப்பிட்டிக்கு வந்தா. கோயிலையும் சந்தையையும் அக்கா வீட்டையும் தவிர எங்கும் போகாத மனுசி.

“அம்மா, வேலை இனித் தரமாட்டார்.”

“வேலைக்கு ஆர் போறது? சோத்துக்குப் போறன்.”

நான் “கொமென் குதசாய்” என்று கூப்பிட, அப்பு வந்து என்னைக் கண்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். திருமதி ஒகாவா வந்தா. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெட்டியை அவ கையில் வைத்து, தமிழிலேயே தொடங்கிவிட்டா.

“பிள்ளை, நீங்கள் சோத்தை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்களாம். இவன்ரை பிழை இல்லை, என்ரை வளர்ப்புப் பிழை. மனசிலை வைச்சிருக்காதேங்கோ.”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். “நீ சும்மா இரு. உன்ரை பாஷையாலைதான் இவ்வளவும்” என்றா அம்மா. திருமதி ஒகாவா அம்மாவின் கையைப் பிடித்தபடி “ஹாய், ஹாய்” (ஓம், ஓம்) என்று தலையாட்டினா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “பார், எல்லாம் விளங்குது” என்றா. அரைமணி நேரம் இருவரும் பேசினார்கள், அவரவர் பாஷையில். அம்மா பயறு வறுக்கும் பக்குவம் சொன்னா. அவ தன் தாயாரின் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினா. அம்மா பச்சைத் தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் இரண்டு கோப்பை குடித்தா. ஒகாவாவும் நானும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அம்மா எழும்பினா. “அப்ப நாங்கள் போட்டு வாறம், பிள்ளை.”

“உன் அம்மா என்ன சொன்னா?” என்றார் ஒகாவா.

எனக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. “சேர்... இத்தே மாயிரிமாஸ்.”

“இது உன் அம்மாவின் வீடா?”

“இல்லை, சேர். நாங்கள் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். போகிறேன் என்று சொன்னால் திரும்பி வராமல் போய்விடுவோம் என்று பயம். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் போவோம்.”

அவர் மனைவிக்கு யப்பான் பாஷையில் சொன்னார். அவ கவனமாகக் கேட்டா, கொஞ்சம் யோசித்தா, பிறகு அவரிடம் ஏதோ கேட்டா. அவர் என் பக்கம் திரும்பினார்.

“என் மனைவி கேட்கிறா. நேற்றுக் கந்தோரிலிருந்து நீ ஒன்றும் சொல்லாமல் போனாய் என்று நான் அவவுக்குச் சொல்லியிருந்தேன். அப்படியென்றால், என் கந்தோர் செத்த வீடா?”

நான் தலையைக் குனிந்தேன். “எனக்கு, ஓம், சேர்.”

ஒகாவா சிரித்தார் பாருங்கள்! அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு எங்கே இருந்ததோ! கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். திருமதி ஒகாவா வாயைப் பொத்தவும் மறந்து சிரித்தா. அம்மாவும் சேர்ந்து சிரித்தா, எதற்கென்று தெரியாமலே. சிரிப்பு அடங்கியதும் அவர் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

“நாளைக்கு, கந்தோருக்கு. போய் வருகிறேன் என்று சொல். எத்தனை மணிக்கு?”

“ஒன்பது, சேர்!”

எட்டேகாலுக்கே போய்விட்டேன். பூட்டியிருந்தது. றங்குப்பெட்டி திரும்பக் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

நான்கு வருடம் போல அங்கே வேலை பார்த்தேன். அந்த நாலு வருடத்திலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு அந்த மேசையில் ஒரு தட்டு இருந்தது. தைப்பொங்கலுக்கு அவர்கள் இரண்டு பேரும் வெள்ளவத்தைக்கு வருவார்கள். அம்மா வைத்த உறைப்புக் கறியைத் திருமதி ஒகாவா தின்னத் தின்ன அத்தான், “டிரெக்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்” என்பார்.

பிறகு காலம் கெட்டது. யப்பான்காரரைத் தெருவில் கண்டால் ஆட்கள் விலகிப் போகத் தொடங்கினார்கள். கொம்பனியைப் பூட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தது. இறங்குதுறையில் வழியனுப்ப அம்மாவும் நானும் அத்தானும் போனோம். மூன்றே பேர்தான். படகில் ஏறுவதற்கு முன்னால் திருமதி ஒகாவா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, ஆழக் குனிந்து, “இத்தே மாயிரிமாஸ்” என்றா. அவர்கள் அதைச் சொந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது மட்டும்தான் சொல்வார்கள்.

“போட்டு வாங்கோ, பிள்ளை” என்றா அம்மா.

அழுகையை மறைக்க நான் ஒகாவாவைப் பார்த்துப் பகிடியாக, “எத்தனை மணிக்கு, சேர்?” என்றேன். அவர் சிரித்தார். பழக்கத்தில் கையைத் தூக்கிக் கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கையை இறக்கிவிட்டார்.

அடுத்த வருடம், யப்பான் விமானங்கள் கொழும்புக்கு வந்தன. கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு, காலை ஏழரை மணி போல. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கப் பயந்து அக்கா வீட்டுக்காரர் ஏற்கெனவே எங்களிடம் வந்துவிட்டார்கள். எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தோம். வீடு நடுங்கியது. சிரிக்கிற நாளில்லை அது. எத்தனையோ சனம் செத்தது. ஆனால் அத்தானால் சும்மா இருக்க முடியுமா? மேசைக்கு அடியில், நடுங்கிக்கொண்டே சொன்னார்:

“மச்சான், உன்ரை ஆக்கள் போட்டு வாறம் எண்டு சொன்னவை எல்லோ? இந்தா, வந்திட்டினம். எத்தனை மணிக்கு எண்டு கேட்டனீ, ஏழரைக்காம்!”

அக்காவைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து மருமகனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அம்மா, அன்றைக்குத்தான் பேசினா.

“வாயை மூடுங்கோ, மருமோன். அது வேறை ஆக்கள். அந்தப் பிள்ளை வந்தால் படலையாலைதான் வரும்.”

சண்டை முடிந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லை. பல வருடம் பொங்கலன்று அம்மா ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பா. யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. அம்மாவும் அத்தானும் இப்போது இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யார் செருப்பை மாட்டிக்கொண்டு ‘போட்டு வாறன்’ என்றாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்: “எத்தனை மணிக்கு?”

பேரப்பிள்ளைகள் வரைக்கும் எல்லோருக்கும் அதற்கு ஒரே மறுமொழிதான் தெரியும்.

“நேரம் தெரியாது. ஆனால் படலையாலைதான் வருவன்.”